யார் நீ?

இடுப்பிலே துப்பாக்கி, உடலிலே போலீஸ் சீருடை, ஏறிச்செல்லக் குதிரை. கிராமத்துத் தெருவிலே அவன் நுழைந்தால், பேச்சு நின்றுவிடும்; பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். ஜெர்மன் போலீஸ் தலைவன் என்ன சொல்கிறான் என்பதை ஊராருக்குச் சொல்பவன் அவன். ஊரார் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தலைவனுக்குச் சொல்பவனும் அவனே. துபாஷி! வயதோ இருபது. பெயர் யோசெப் ஆஸ்வால்ட். போலந்து இரத்தமும் ஜெர்மன் இரத்தமும் கலந்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தான், நம்பினார்கள், உடையைக் கொடுத்தார்கள்.

உண்மைப் பெயர் ஆஸ்வால்ட் ரூஃபைசன். உண்மையில் அவன் யூதன்!

ஆண்டு 1942. யூதனாகப் பிறந்தவன் எவனும் உயிரோடு இருக்கக்கூடாது என்று இட்லரின் ஆட்சி முடிவு கட்டி, ஊர் ஊராகக் குழி வெட்டிக்கொண்டிருந்த காலம். அந்த வேலையைச் செய்வதற்கென்றே திறந்திருந்த ஒரு நிலையத்தில், மேசை போட்டு, பேனா பிடித்து, அந்த யூத வாலிபன் உட்கார்ந்திருந்தான்! கற்பனை செய்து பாருங்கள், தோழர்களே. தூக்கத்தில் ஒரு சொல் உளறினால் போதும். வில்னா நகரத்திலே பழகியவன் ஒருவன் எதிரே வந்து, அடே நீயா என்று வியந்தால் போதும். குளிக்கும்போது ஒருவன் எட்டிப் பார்த்தால் போதும். யூத ஆண்மகனின் உடலிலே பிறந்த எட்டாம் நாள் இடப்பட்ட அடையாளம் இருக்கிறதே!

படம் எடுப்பவன் கட்டிவிட்ட கதையல்ல இது. பிற்காலத்தில் சகோதரர் தானியேல் என்ற பெயரால் உலகம் அறிந்த மனிதரின் வரலாறு. அவரைப்பற்றி நெஹமா டெக் என்ற அம்மையார் 1990இல் வரலாற்று நூல் எழுதினார்; ருஷ்ய எழுத்தாளர் லுத்மிலா உலித்ஸ்கயா, 2006இல் அவர் வாழ்வைக் கருவாக வைத்து நாவல் எழுதினார். அவர் மறைந்தது 1998இல். எழுபத்தாறு ஆண்டு வாழ்ந்த அந்த மனிதனிடம், வாழ்நாளில் மூன்று முறை, மூன்று வேறு மேசைகளுக்கு எதிரே நிறுத்தி, ஒரே கேள்வி கேட்கப்பட்டது. யார் நீ என்ற கேள்வி!

போலந்தின் தென்பகுதியில், ழிவியெத்ஸ் நகருக்கு அருகே ஸாஜேலே என்றொரு சிற்றூர். 1922இல் அங்கே பிறந்தான் ஆஸ்வால்ட். 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த வட்டாரம் அது. ஆகவே வீட்டுக்குள்ளே ஜெர்மன் மொழி, வீதியிலே போலந்து மொழி. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்களிலே பெரும்பாலோர் பேசிய இத்திஷ் மொழியின் சாயல் அவன் நாவிலே படியவில்லை. பிறந்த இடம் தந்த இந்தச் சிறு வசதிதான் பின்னாளில் அவன் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே நின்றது. அதே வட்டாரத்திலே ஒஷ்வியெஞ்சிம் என்று இன்னொரு ஊரும் உண்டு. ஜெர்மானியர் அதற்கு வைத்த பெயர் ஆஷ்விட்ஸ். அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

1939 செப்டம்பர் 1. இட்லரின் படை போலந்திலே பாய்ந்தது. குடும்பம் கிழக்கு நோக்கி ஓடிற்று. வயதான தாயும் தந்தையும் பாதி வழியிலே களைத்தனர். பிள்ளைகளையாவது பிழைக்கவிடுவோம் என்று எண்ணித் திரும்பினர். பதினேழு வயது ஆஸ்வால்டும் அவன் தம்பியும் நடந்தனர். பெற்றோரை அவர்கள் பார்த்தது அதுவே கடைசி.

வில்னா நகரம் வந்துசேர்ந்தார்கள். அங்கே அகதிகளாகக் குவிந்திருந்த யூத இளைஞர்களோடு கூட்டாக வாழ்ந்தார்கள். தம்பிக்கு 1941இல் பாலஸ்தீனம் போக வழி கிடைத்தது, அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். பள்ளியிலே படித்த பிள்ளை, ஊசியும் தோலும் எடுத்து உட்கார்ந்தான். தொழில் கற்றவன் எங்கும் பிழைப்பான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மாவா? 1941 ஜூனில் ஜெர்மன் படை வில்னாவைப் பிடித்து, யூதர்களைப் பிடித்து, நகரத்துக்கு வெளியே பொனாரி காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடத் தொடங்கியபோது, அந்தச் செருப்புத் தொழில் கொஞ்ச நாள் அவனைக் காத்தது. பொனாரியின் குழிகளிலே விழுந்தவர் தொகை, போர் முடிவதற்குள் எழுபதினாயிரம் என்கிறார்கள்.

வில்னாவிலிருந்து தப்பி, கிராமம் கிராமமாக ஒளிந்து, அந்த ஆண்டின் இறுதியில் மீர் என்ற ஊருக்கு வந்தான். இன்றைய பெலாருஸ் நாட்டிலே இருக்கிறது. அவன் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நவம்பர் 9ஆம் நாள், அந்தச் சின்ன ஊரிலே சுமார் 1,500 யூதர்களை ஒரே நாளில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மண் இன்னும் காயவில்லை. அந்த ஊருக்குள்ளே யூதன் ஒருவன் போலந்துக்காரனாக நுழைகிறான்!

உள்ளூர்ப் போலீசுக்குத் தலைவன் செராஃபினோவிச் என்பவன். அவனுக்கு ஜெர்மன் மொழி வராது, எசமானர்களோ ஜெர்மானியர்கள். ஜெர்மன் பேசத் தெரிந்த வாலிபன் அகப்பட்டதும் விடுவானா? துபாஷியாக்கினான், தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தான். பிறகு அந்த ஊருக்கு ஜெர்மன் போலீஸ் தலைவனாக வந்த ரைன்ஹோல்ட் ஹைன் இவனைக் கண்டான். தனக்கே வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். ஹைன் வயது முதிர்ந்த பழைய காலத்துப் போலீஸ்காரன். பையனிடம் அவனுக்கு ஒரு வாஞ்சை, மகனைப்போல நடத்தினான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வீரக்கதை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுவார்கள். அந்தச் சீருடைக்கு ஒரு விலை இருந்தது. கிராமங்களிலே யூதர்களைக் கொல்லப் போலீஸ் போனபோது துபாஷியும் போகவேண்டியிருந்தது. முகத்திலே ஒரு சுருக்கம் விழாமல் நிற்கவேண்டியிருந்தது. விழுந்தால் அடுத்த குண்டு அவனுக்கு. அதோடு, அவனால் இனிமேல் காப்பாற்றப்படக்கூடியவர்களுக்கும் முடிவு. காப்பாற்றியதும் உண்டு: ஜெர்மானியன் கேட்டதை ஒருவிதமாகவும், கிராமத்தான் சொன்னதை வேறுவிதமாகவும் திருப்பி, சுடவேண்டிய இடத்திலே சுடாமல் திரும்ப வைத்திருக்கிறான். சொல்லை மாற்றினால் உயிர் பிழைக்கும்! மொழி அறிந்தவன் கையிலே எத்தகைய ஆயுதம் இருக்கிறது பார்த்தீர்களா? ஆனால் எல்லா இடத்திலும் மாற்ற முடியவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற இடங்களும் உண்டு. அந்தச் சுமையை யாரிடம் இறக்கி வைப்பான்?

மீர் ஊரிலே உயிர் தப்பிய சுமார் 800 யூதர்களை, 1942 மே மாதத்தில் ஒரு பழைய கோட்டைக்குள் அடைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டிலே பிரபுக்கள் கட்டிய கோட்டை; செங்கல் கோபுரங்கள்; இன்று உலக மரபுச் சின்னமென்று பாதுகாக்கப்பட்டு, உல்லாசப் பயணிகள் வந்து போகும் இடம். அன்று அது பலியிடக் காத்திருந்த ஆடுகளின் பட்டி. அடைபட்டவர்களிலே சிலர் பகலில் போலீஸ் நிலையத்துக்கு வேலைக்கு வருவார்கள். அப்படி வந்தவர்களிலே ஒருவன், வில்னாவில் ஆஸ்வால்டோடு பழகியவன். அடையாளம் தெரிந்தது. ஆபத்து என்று அஞ்சவேண்டிய அந்தச் சந்திப்புதான் கோட்டைக்குள்ளே ஒரு வாசலைத் திறந்தது. துபாஷி அவனிடம் தன்னை வெளிப்படுத்தினான்.

அன்று முதல் போலீஸ் நிலையத்து ஆயுதங்கள் சிறுகச் சிறுகக் கோட்டைக்குள் போயின. ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா, ஒரு கைக்குண்டு. இளைஞர்கள் கூடினார்கள், குழு அமைத்தார்கள். ஆயுதம் வந்ததும் ஆளே மாறிவிடுகிறான் என்பார்கள். அவர்கள் முதலில் எண்ணியது, சுட வருகிறபோது கோட்டையிலேயே நின்று சண்டையிட்டுச் சாவது என்று. துபாஷி வேண்டாம் என்றான். சாவதற்கு ஏன் இத்தனை பாடு? காட்டுக்குப் போங்கள், பிழைத்திருந்து போரிடுங்கள் என்று வற்புறுத்தினான்.

ஆகஸ்ட் மாதத் தொடக்கம். ஹைன் தொலைபேசியிலே மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தது இவன் காதில் விழுந்தது. நாள் குறித்துவிட்டார்கள்: ஆகஸ்ட் 13. கோட்டையிலே எவரும் மிச்சமில்லாமல்!

செய்தி கோட்டைக்குப் போயிற்று. ஆனால் போலீஸ் ஊரிலே இருக்கும்போது எப்படி வெளியேறுவது? துபாஷி ஹைனிடம் போய் ஒரு பொய்யை வைத்தான்: இன்ன இடத்திலே கொரில்லாப் படையினர் கூடப்போவதாகத் துப்பு வந்திருக்கிறது என்று. ஹைன் நம்பினான். ஆகஸ்ட் 9 இரவு, போலீஸ் படையைத் திரட்டிக்கொண்டு, இல்லாத எதிரியைப் பிடிக்கக் கிளம்பினான். அவனோடு துபாஷியும் போனான்! விடிய விடியப் பதுங்கிக் காத்திருந்தார்கள். அதே இரவிலே, கோட்டைச் சுவரைத் தாண்டிக் காட்டை நோக்கி நடந்தார்கள், இருநூறிலிருந்து முந்நூறு பேர் வரை.

எஞ்சியவர்கள்? ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போகவில்லை. நடக்கமுடியாத கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காடு கொல்லும் என்று அஞ்சியவர்கள், பணம் கொடுத்தால் ஜெர்மானியன் மனம் மாறுவான் என்று கடைசிவரை நம்பியவர்கள். ஏன் போகவில்லை என்று நாம் இங்கே நாற்காலியிலே உட்கார்ந்து கேட்பது எளிது. தாயை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றுவிட்ட மகனை எந்த நியாயத்தைக் கொண்டு குறை கூறுவது? ஆகஸ்ட் 13 அன்று அவர்கள் அனைவரும் சுடப்பட்டார்கள்.

அதற்கு முன்பே துபாஷியின் வேடம் கலைந்துவிட்டது. கலைத்தவன் ஜெர்மானியன் அல்ல. கோட்டையிலே இருந்த யூதன் ஒருவனே, தன் உயிரைக் காத்துக்கொள்ளலாம் என்ற நப்பாசையில், ஹைனிடம் சொல்லிவிட்டான். கொல்லப்படுகிறவர்களிலே ஒருவனை இன்னொருவனுக்கு எமனாக்குவதும் அந்தக் கொடுமையின் ஒரு பகுதிதான்.

ஹைன் கூப்பிட்டான். முதல் மேசை! நீயா அவர்களுக்குச் செய்தி சொன்னாய் என்று கேட்டான். ஆமாம், இரக்கத்தால் சொன்னேன் என்றான் இவன். அதோடு நின்றிருக்கலாம். போலந்துக்காரன் ஒருவன் இரங்கினான் என்று முடிந்திருக்கும்; கொன்றிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது வயது வாலிபன், கேட்கப்படாததையும் சொன்னான்: நான் யூதன் என்று. எந்தச் சொல்லை மறைத்து ஓராண்டு உயிர் வாழ்ந்தானோ, அந்தச் சொல்லை, சொல்லக்கூடாத மனிதனின் முகத்துக்கு நேரே!

ஹைன் அதிர்ந்தான், கலங்கினான். ஆயினும் உடனே சுட்டுவிடவில்லை, விலங்கும் மாட்டவில்லை. வாஞ்சை ஒரு பக்கம், கடமை என்று அவன் நம்பிய கயமை மறுபக்கம். அந்தத் தயக்கத்திலே கிடைத்த இடைவெளியில் ஆஸ்வால்ட் வெளியே வந்தான், ஓடினான். துரத்தினார்கள்; சுட்டார்கள். அறுவடை நடந்த வயலிலே புகுந்து தப்பினான். ஹைன் நல்லவன் என்று இதைக்கொண்டு எவரும் சான்றிதழ் எழுதிவிட வேண்டாம். ஒருவனை மகனாகக் கருதிய அதே மனிதன், ஐந்நூறு பேரைக் குழியிலே தள்ளும் நாளுக்குத் தலையாட்டியவன்.

இப்போது எங்கே போவது? காட்டுக்கா? வழி தெரியாது. கிராமத்துக்கா? துபாஷியின் முகம் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கன்னிமாடம் இருந்தது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். பிடிபட்டால் அவர்களுக்கும் மரணம்தான். கதவைத் திறந்தார்கள். தேடுகிறவர்களின் மூக்குக்குக் கீழேயே, 1942 ஆகஸ்டிலிருந்து 1943 டிசம்பர் வரை, பதினாறு மாதம் ஒளித்து வைத்தார்கள். இடம் மாறவேண்டி வந்தபோது கன்னியாஸ்திரி உடையே போர்த்தி வெளியே நடத்தினார்கள். போலீஸ் உடை போய், கன்னியாஸ்திரி உடை!

அந்த மாடத்திலே கிடந்த நூல்களைப் படித்தான். சில வாரங்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவனானான். பிழைப்புக்காகவா? அன்றிருந்த நிலையிலே அதனால் ஒரு பிழைப்பும் இல்லை. 1935ஆம் ஆண்டின் நூரெம்பெர்க் சட்டம் என்ன சொல்லிற்று? பாட்டன் பாட்டிமார் நால்வரிலே மூவர் யூதராயிருந்தால் அவன் யூதன். எந்தக் கோயிலிலே மண்டியிட்டாலும் யூதன். எடித் ஸ்டைன் என்ற அறிஞர், யூதக் குடும்பத்திலே பிறந்து, கத்தோலிக்கராகி, கார்மல் சபையின் கன்னியாஸ்திரியாகவும் ஆனவர். அவரையும் இழுத்துப்போய் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். கொன்ற நாள் எது தெரியுமா? 1942 ஆகஸ்ட் 9. மீர் கோட்டையிலிருந்து இளைஞர்கள் காட்டுக்கு நடந்த அதே நாள்! ஞானஸ்நானத் தண்ணீரால் இரத்தத்தைக் கழுவ முடியாது என்பது நாஜிகளின் சித்தாந்தம்.

கன்னிமாடத்தில் இருப்பது இனி அவர்களுக்கு ஆபத்து என்றான நிலையில், காட்டுக்குப் போனான். சோவியத் கொரில்லாப் படையினர் பிடித்தார்கள். இரண்டாவது மேசை! ஜெர்மன் போலீசிலே வேலை செய்தவனா? ஆமாம். சீருடை அணிந்தவனா? ஆமாம். பதினாறு மாதம் எங்கே இருந்தாய்? அதைச் சொன்னால் கன்னியாஸ்திரிகளின் தலை உருளும். சுட்டுவிடு என்று தீர்ப்பாயிற்று. ஜெர்மானியனுக்கு யூதனாகத் தெரிந்தவன், ருஷ்யனுக்கு ஜெர்மானியனின் கைக்கூலியாகத் தெரிந்தான். அந்த வேளையிலே காட்டுக்குள்ளிருந்து சாட்சிகள் வந்தார்கள். மீர் கோட்டையிலிருந்து தப்பிய யூதர்கள்! எங்களை உயிரோடு வைத்தவன் இவனே என்றார்கள். தண்டனை நின்றது. 1944இல் செஞ்சேனை வரும்வரை அந்தக் காட்டிலே இருந்தான்.

போர் முடிந்தது. தாயும் தந்தையும் இல்லை. போலந்தில் கார்மல் சபையிலே சேர்ந்தான்; தானியேல் என்ற பெயர் ஏற்றான்; 1952இல் குருவானார். இனி அவர் என்றே எழுதுவோம்.

சபையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. கார்மல் என்பது ஹைஃபா நகரத்து மலை; அங்கே அந்தச் சபைக்கு மடம் உண்டு. என்றாவது அங்கே போகலாம்! மதம் மாறினேன், இனம் மாறவில்லை. என் மக்கள் யூத மக்கள்தான் என்பது அவர் பிடிவாதம். விண்ணப்பித்து, விண்ணப்பித்து, கடைசியில் போலந்துக் குடியுரிமையைத் துறந்துவிட்டு, 1959இல் இஸ்ரேல் போய்ச்சேர்ந்தார். தம்பி அங்கே இருந்தார். மீர் காட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள்; பாதிரி அங்கியோடு வந்த பழைய துபாஷியைக் கட்டித் தழுவினார்கள்.

இஸ்ரேலில் 1950இல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யூதன் வந்தால், வந்த உரிமையாலேயே அவன் குடிமகன். தானியேல் கேட்டார்: நான் யூதன், அந்த உரிமையைக் கொடு என்று. உள்நாட்டு அமைச்சகம் முடியாது என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1962இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். அவர்களிலே ஒருவர் மோஷே லாண்டாவ். யூதர்களை இலட்சம் இலட்சமாகச் சாவுக்கு அனுப்பிய ஐக்மனை அதற்கு முந்திய ஆண்டிலே விசாரித்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர்.

மூன்றாவது மேசை இது. முதல் இரண்டு மேசைகளிலே பதில் தவறினால் உயிர் போகும். இங்கே உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கேள்வி அதுவேதான்!

வேடிக்கை என்னவென்றால், யூத சமயச் சட்டப்படி பார்த்தால் அவர் பக்கமே நியாயம். யூதத் தாய் வயிற்றிலே பிறந்தவன் மதம் மாறினாலும் யூதனே என்பது அந்தச் சமயத்தின் பழைய கோட்பாடு. தீர்ப்பெழுதிய நீதிபதி சில்பெர்க் அதை ஒத்துக்கொண்டார். அந்த மனிதரின் தியாகத்தையும் போற்றினார். போற்றிவிட்டுச் சொன்னார்: இந்தச் சட்டம் சமயச் சட்டமல்ல, நாட்டுச் சட்டம், சாதாரண மனிதன் யூதன் என்று யாரைச் சொல்கிறானோ அதுவே பொருள், கிறிஸ்தவப் பாதிரியாரை எந்த யூதனும் யூதன் என்று சொல்லமாட்டான் என்று. நால்வர் ஒரு பக்கம். ஹைம் கோன் என்ற நீதிபதி ஒருவர் மட்டும், வாசலைத் திறக்கவேண்டும் என்று எழுதினார். நான்குக்கு ஒன்று. வழக்குத் தோற்றது.

நீதிபதிகளை நான் தூற்ற வரவில்லை. பல நூற்றாண்டுகளாகச் சிலுவையின் பெயரால் அடிபட்ட மக்கள் அவர்கள். மதம் மாறியவனைக் கண்டு மனம் சுருங்கியதிலே வியப்பில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே: பாட்டனைப் பார், அவன் யூதன், கொல் என்றது ஒரு சட்டம். அங்கியைப் பார், அவன் யூதனல்ல, உரிமையில்லை என்றது இன்னொரு சட்டம். முந்நூறு பேர் உயிரைப் பற்றி இரண்டு சட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

1970இல் இஸ்ரேல் அந்தச் சட்டத்தைத் திருத்திற்று. யூதத் தாய்க்குப் பிறந்தவன் அல்லது யூத மதத்துக்கு மாறியவன், வேறு மதத்திலே சேராதவன் என்று விளக்கம் எழுதப்பட்டது. கடைசிச் சொற்கள் யாரை எண்ணி எழுதப்பட்டவை என்பதை அந்த நாட்டிலே அறியாதார் இல்லை.

தானியேல் நாட்டை விட்டுப் போகவில்லை. யூதன் என்ற உரிமையால் கிடைக்காத குடியுரிமையை, வெளிநாட்டார் எவரும் மனுப்போட்டுப் பெறும் முறையிலே பெற்றுக்கொண்டார். ஹைஃபாவிலேயே வாழ்ந்தார். எபிரேய மொழியிலே வழிபடும் சிறு கத்தோலிக்கக் கூட்டத்தை நடத்தினார். போலந்திலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வந்திறங்கிய கலப்புக் குடும்பங்கள், கணவன் ஒரு மதம் மனைவி ஒரு மதமென்று எந்தப் பதிவேட்டிலும் அடங்காமல் தவித்தவர்கள், அவர் வாசலுக்கு வந்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் அவர்களோடு அலைந்தார்.

மீரிலே அவனைத் துபாஷியாக்கிய செராஃபினோவிச், போருக்குப் பின் இங்கிலாந்திலே போய்த் தச்சனாகக் குடியமர்ந்துவிட்டிருந்தான். போர்க் குற்றங்களுக்காக அந்த நாடு 1991இல் செய்த சட்டத்தின்படி முதன்முதலாகக் குற்றம் சாட்டப்பட்டவன் அவனே. விசாரணையைத் தாங்கும் மனநிலை அவனுக்கு இல்லை என்று 1997இல் வழக்கு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு இறந்தான். மறு ஆண்டு, 1998 ஜூலை 30ஆம் நாள், ஹைஃபாவிலே தானியேல் கண்மூடினார்.